நாய் கடிக்காதவனுக்கு ஒரு ஊசி

கவுன்சிலர் போன்சியானோவின் இரண்டாவது தாடையை அழித்து முடித்து மூன்றாவதில் கை வைத்த நேரத்தில், நர்ஸ் ருவெலிடமிருந்து செய்தி வந்தது.

"ஜெஸ்ரெல், உன் அடுத்த ஊசி எட்டாம் தேதி. ஒரு வாரம் தள்ளலாம். பதினஞ்சைத் தாண்டினா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இன்னொண்ணு, இந்தத் தடவை இலவசம் இல்ல. நாலாயிரத்து எண்ணூறு பெசோ. திட்டாத."

நான் திட்டவில்லை. கணினித் திரையில் கவுன்சிலரின் கழுத்தைத் தேவைக்கு அதிகமாக ஒட்ட நறுக்கிவிட்டேன், அவ்வளவுதான். எங்கள் ஊர் இலோயிலோவில் எந்தச் சந்தியில் எந்த அரசியல்வாதி பல்லைக் காட்டிக்கொண்டு தொங்கினாலும் அந்தப் பல்லை வெளுத்தவன் நானாக இருக்க வாய்ப்பு அதிகம். ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கூலி முதலாளிக்கு. முகம் திருத்தும் கூலி எனக்கு. ஒரு வயது குறைக்க இருபது பெசோ வாங்குகிறேன். கவுன்சிலருக்கு வழக்கமாகப் பதினைந்து வயது குறைப்பேன். தேர்தல் ஆண்டில் இருபது.

எச்.ஐ.வி. வராமலிருக்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பின்பக்கத்தில் போடும் ஊசி அது. மூன்று தடவை சும்மா போட்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் ஏதோ திட்டம் என்று வந்தார்கள், கேக் வெட்டினார்கள், வந்தவர்களை எல்லாம் 'சமூகம்' என்று கூப்பிட்டார்கள். 'என்றென்றும் உங்களுடன்' என்ற அவர்களுடைய பேனரையும் நான்தான் அடித்தேன். எட்டு மாதத்தில் போய்விட்டார்கள். பேனர் இன்னும் கிளினிக் வாசலில் தொங்குகிறது. அச்சு மைக்கு நான் மூன்று வருட உத்தரவாதம் கொடுத்திருந்தேன்.

மாத்திரை இருக்கிறதே, நகர சுகாதார அலுவலகத்தில் சும்மா தருகிறார்களே என்று கேட்கலாம். தருகிறார்கள். கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் என் அத்தை மகளின் புருஷன் உட்கார்ந்திருக்கிறான். அவன் கையில் காலையில் விழுந்த செய்தி மாலைக்குள் மூன்று தெரு தாண்டி வரும், அதுவும் சற்றுப் பெருத்து வரும். அதுபோக, மாத்திரை தினமும் விழுங்க வேண்டியது. நானோ மத்தியானம் சாப்பிட்டேனா என்பதையே தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறவன்.

நெஸ்டர் இருபதாம் தேதி வருகிறான். கப்பலில் சமையல்காரன். ஏழு மாதத்துக்கு ஒருமுறை வந்து ஆறு வாரம் இருப்பான். நடுவிலுள்ள துறைமுகங்களைப் பற்றி நான் கேட்பதில்லை, அவன் சொல்வதுமில்லை. அந்த ஆறு வாரமும் பயமில்லாமல் ஒருவன் பக்கத்தில் படுத்துத் தூங்க வேண்டும் என்பதைத் தவிர இந்த ஊசியிடம் எனக்கு வேறு கோரிக்கை இல்லை.

"தள்ளிப் போனா என்ன ஆகும்?" என்று ருவெலுக்கு போன் போட்டுக் கேட்டேன்.

"மருந்து ஒடம்புல கொஞ்சம் கொஞ்சமா வடியும். இருக்கிற மாதிரியே இருக்கும், ஆனா காப்பாத்தாது. அதான் ரொம்ப மோசமான நேரம். இன்னொரு விஷயம். பதினாலு ஞாயிறு, பதினஞ்சு ஊர்த் திருவிழா. ரெண்டு நாளும் கிளினிக் கிடையாது."

"அப்ப சனிக்கிழமையா?"

"பதிமூணு, சாயங்காலம் அஞ்சு மணி. அஞ்சு அஞ்சுக்கு நான் பூட்டிட்டுப் போயிடுவேன். என் மாமியா ஊர்லேர்ந்து வருது."

என் ஒரு வாரக் கூலி மூவாயிரம். வாடகை, சாப்பாடு, தங்கையின் படிப்பு எல்லாம் போக மிஞ்சுவது ஒரு கிண்ணம் பாட்சோய் நூடுல்ஸ் சூப், அதுவும் முட்டை போடாதது. கட்ட முடியாத மருத்துவச் செலவுக்கு எங்கள் ஊரில் ஒரே வழிதான்: அரசியல்வாதியின் லெட்டர். 'இவருக்காக இத்தனை பெசோ நான் கட்டுகிறேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். பணம் மக்களுடையது, கையெழுத்து அவருடையது, நன்றி நம்முடையது.

வெள்ளிக்கிழமை காலை கவுன்சிலர் அலுவலகத்தில் எனக்கு நாற்பத்தோராம் டோக்கன். உட்கார இடமில்லை. இடம் இருந்திருந்தாலும் பதற்றத்தில் உட்கார்ந்திருக்க மாட்டேன். சுவர்ப் படங்களிலிருந்து பதினெட்டு போன்சியானோக்கள் சிரித்தார்கள். பதினொன்று என் கைவேலை. ஒன்றில் காது ஒன்றைப் பெரிதாக விட்டுவிட்டது அன்றுதான் கண்ணில் பட்டது.

மேசையில் மனாங் ஃபெலிசா, ஊருக்கே அக்கா. இவருக்கு முன் மூன்று கவுன்சிலர்களிடம் வேலை பார்த்தவள். மூவரும் போனார்கள், மேசை போகவில்லை.

"என்ன நோய்?"

"நோய் இல்ல மனாங்."

பேனா நின்றது. "நோயில்லாம மருந்துக்கு லெட்டரா? டோக்கன் எடுக்கும்போது தூக்கத்துல இருந்தியா?"

"வராம இருக்கறதுக்கு மனாங்."

"எது வராம?"

எனக்குப் பின்னால் நாற்பது காதுகளாவது இருந்தன. குனிந்து அவள் காதோரம் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு கோடு கூட அசையவில்லை. அதே அளவு மெல்லப் பதில் சொன்னாள்.

"அது வந்துடுச்சுன்னா வா, தம்பி. மாத்திரை சும்மா, டெஸ்ட் சும்மா, வருஷத்துக்கு ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு கூட உண்டு. வராதவனுக்குத்தான் என்கிட்ட இடமில்ல."

"அப்ப எங்கயாவது போயி வாங்கிட்டு வரட்டுமா?"

"வாயி ரொம்ப நீளம் உனக்கு." பதிவேட்டை என் பக்கம் திருப்பினாள். சிறுநீரகம், இதயம், புற்றுநோய், பிரசவம், சவப்பெட்டி, விலங்குக் கடி. ஆறு கட்டம். "நீயே சொல்லு, எதுல எழுதட்டும்?"

சவப்பெட்டியைத் தவிர எதுவும் எனக்குப் பொருந்துகிற மாதிரித் தெரியவில்லை. அவள் பேனாவால் கடைசிக் கட்டத்தைத் தட்டினாள்.

"இங்க மட்டும்தான் நோய் வர்றதுக்கு முன்னாடி ஊசி போடுறோம். பூனையா, நாயா?"

"மனாங்!"

"பூனைன்னா சாருக்கு சுவாரஸ்யம் இருக்காது. நாய்னு போடுறேன். லெட்டர்ல 'தடுப்பு ஊசி, நாலாயிரத்து எண்ணூறு, இன்ன கிளினிக்'னுதான் வரும். பொய் ஒண்ணும் இல்ல. நாய் பதிவேட்டோட நிக்கும்."

யோசித்துப் பார்த்தால், நாய்க்கடி எவ்வளவு கௌரவமான விஷயம்! யாரும் யாரையும் 'யாரு கூடப் போயி வாங்கின?' என்று கேட்பதில்லை. சரி என்றேன்.

அந்த நேரம் பார்த்து உள்ளறைக் கதவு திறந்து கவுன்சிலர் வெளியே வந்தார். முதலில் வாசனை வந்தது, பிறகு அவர் வந்தார். நேரில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சிதான். திருத்தாத பிரதி.

"இந்தத் தம்பிக்கு என்ன?"

"நாய்க்கடி, சார்," என்றாள் ஃபெலிசா.

"ஐயோ, என் பிள்ளையே!" என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் போட்டோ எடுப்பவன் தயாராகும் வரை விடவில்லை. "எங்க கடிச்சுது?"

"பின்னால, சார்."

"கோழை நாய்!" என்று கூட்டத்தைப் பார்த்து முழங்கினார். "நேருக்கு நேர் நின்னு கடிக்கத் துணிச்சல் இல்லாத நாய்! இந்த போன்சியானோ இருக்கிற வரைக்கும் இப்படிப்பட்ட நாய்களுக்கு இந்த ஊர்ல இடமில்ல! அடுத்த வாரம் சனிக்கிழமை ரெண்டு மணி, கூடைப்பந்து மைதானம். எல்லார் முன்னாலயும் இந்தப் பிள்ளை கையில செக் குடுக்கறேன்!"

"சார், லெட்டரை இன்னைக்கே குடுத்தீங்கன்னா..."

"மேடையிலதான் தம்பி. நாலு பேர் பார்க்கணும். உதவிங்கறது மறைஞ்சு செய்யுற காரியமா?"

திங்களன்று ஃப்ளெக்ஸ் வேலை எங்கள் கடைக்கே வந்தது. பன்னிரண்டுக்கு எட்டு அடி. மேலே கவுன்சிலர், கீழே ஒரு வட்டத்துக்குள் நான், நடுவில் நாய். 'நாய்க்கடியிலிருந்து மக்களைக் காக்கும் மாவீரர்.' என் முகத்தை நானே திருத்தினேன், அதற்குக் கூலி இல்லை. புதன் மத்தியானத்துக்குள் கொடுத்தாக வேண்டும், நாய்ப் படம் கிடைக்கவில்லை. கிடைத்த படங்களின் குறுக்கே எல்லாம் விற்கிறவனின் பெயர். கணினியைத் துழாவினால் ஒரே ஒரு நாய் இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன், மனோங் பெர்டிங்கின் பிரவுனி. அவர் வாடகைக்கு ஓட்டும் மோட்டார் ட்ரைசைக்கிளின் பின்னால் ஒட்ட ஸ்டிக்கர் கேட்டார் என்று போன வருடம் நானே எடுத்த படம். பிரவுனி என்று பெயர், ஆனால் கறுப்பு. இடது காது மட்டும் வெள்ளை.

அந்தப் படத்தைப் போட்டு அனுப்பினேன். ஃபெலிசா போன் செய்தாள். "நாய் சிரிக்குதுன்னு சார் சொல்றாரு. கொஞ்சம் கோவமா போடு."

எங்கிருந்தோ ஒரு முதலையின் பல்லை எடுத்துப் பொருத்தினேன். வாயோரம் நுரை வைத்தேன். காதை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றவேயில்லை. பல் வெளுக்கவும் தாடை நறுக்கவும் தெரிந்தவனுக்கு ஒரு வெள்ளைக் காதைக் கறுப்பாக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? என் தலையில் அப்போது பதிமூன்றாம் தேதி மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை ஃப்ளெக்ஸ் தெருமுனையில் ஏறியது. பத்து மணிக்குள் வார்டுக் காவலர்கள் இருவர் வந்து பிரவுனியைக் கூண்டில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மனோங் பெர்டிங் கடைக்கே வந்துவிட்டார்.

"டேய் ஜெஸ்ரெல்! என் நாய் உன்னை எப்பக் கடிச்சுது?"

"மனோங், அது வந்து..."

"எங்கடா கடிச்சுது? காட்டு!"

"இடம் சரியில்ல மனோங்."

"அது உன்னைப் பார்த்து தினம் குலைக்கும், ஒத்துக்கறேன். அதோட சோத்துத் தட்டுல கால் வச்சா குலைக்காம பைபிளா வாசிக்கும்? ஆனா கடிக்காது. கொசு உக்காந்தாக்கூட நகந்து குடுக்கற நாய்டா அது!" அவர் குரல் திடீரென்று தாழ்ந்தது. "சனிக்கிழமை மேடையிலயே அதை நகராட்சி வண்டியில ஏத்துறாங்களாம். அந்த வண்டியில போன நாய் எதுவும் திரும்பி வந்ததில்ல. உனக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். அந்த வண்டியின் பக்கவாட்டில் உள்ள 'அன்புள்ளம்' என்ற எழுத்தும் என்னுடையதுதான்.

வெள்ளிக்கிழமை முழுவதும் உட்காரவில்லை. ஃபெலிசாவிடம் போய், நாய் கடிக்கவில்லை என்று பதிவேட்டில் திருத்த முடியுமா என்று கேட்டேன். "திருத்தலாம். திருத்தினா கட்டம் இல்ல, கட்டம் இல்லேன்னா லெட்டர் இல்ல," என்றாள். பிறகு, "பிரவுனிக்கு எலும்பு போட்டுட்டுத்தான் வர்றேன்," என்றாள். அவளுக்கும் அந்த நாயைத் தெரியும். தெருவில் யாருக்குத்தான் தெரியாது.

சனிக்கிழமை இரண்டு மணிக் கூட்டத்துக்கு மூன்று நாற்பதுக்கு வந்தார் கவுன்சிலர். அதுவரை மேடையில் நானும் கூண்டுக்குள் பிரவுனியும் எதிரெதிரே. ஒரு பக்கம் தெர்மோகோலில் ஆறடி நீளச் செக், அதுவும் என் வேலை. மைதானத்தில் இருநூறு பேர். பான்சிட் நூடுல்ஸ் உண்டு என்று சொல்லியிருந்ததால் ஒருவரும் நகரவில்லை. முதல் வரிசையில் மனோங் பெர்டிங், மடியில் ஒரு மூடிய தட்டு. நாய்க்குச் சோறு.

கவுன்சிலர் பேசினார். நாயைப் பற்றி ஆரம்பித்து, தான் பிறந்த ஏழை வீட்டுக்குப் போய், அங்கிருந்து புதிய பாலத்துக்கு வந்து, பாலத்தின் மேலேயே நின்றுவிட்டார். மேடைக் கடிகாரத்தில் நாலு ஐந்து. நாலு எட்டு. மேசைக்கடியில் ஃபெலிசாவின் மடியில் பழுப்பு உறை, உள்ளே லெட்டர். கை நீட்டினால் எட்டும்.

நாலு பதினைந்துக்கு மைக் என் கைக்கு வந்தது. "நன்றி சொல்லு தம்பி. சுருக்கமா," என்றார் கவுன்சிலர். சுருக்கமாக! அதற்குள் அன்புள்ளம் வண்டி பின்பக்கமாக மேடைக்கு நகர்ந்து வந்தது. பிரவுனி என்னைப் பார்த்தது. வாழ்நாளில் முதல் தடவையாக என்னைப் பார்த்துக் குலைக்கவில்லை. வாலை ஆட்டியது. கூண்டுக்கு எதிரே தெரிந்த முகம் நான் ஒருவன்தான் என்று நினைத்ததோ என்னவோ.

ஒரு நன்றி. பத்து விநாடி. உறை கைக்கு வரும், அஞ்சு மணிக்குள் கிளினிக், இருபதாம் தேதி நெஸ்டர். ஓரத்தில் என் அத்தை மகளின் புருஷன் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

"இந்த நாய் என்னைக் கடிக்கல," என்றேன். மைக் கீச்சிட்டது. "எந்த நாயும் கடிக்கல. ஃப்ளெக்ஸ்ல இருக்கிற பல்லு முதலைப் பல்லு, நான்தான் ஒட்டினேன். எனக்கு வேண்டியது எச்.ஐ.வி. வராம இருக்கறதுக்கு ஒரு ஊசி. எனக்கு அது இல்ல. வரக் கூடாதுன்னுதான் போடுறேன். ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு. அதுக்குன்னு பதிவேட்டுல கட்டம் இல்ல, அதனால நாய்னு எழுதினோம். நாயை விட்டுடுங்க."

மைதானம் அமைதியாயிற்று. இந்த அமைதிக்குத்தான் நான் இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்தேன்.

"அப்ப நாய் கடிக்கவே இல்லையா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"இல்லக்கா."

"நான் அன்னைக்கே சொன்னேன்!" என்று பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். "பிரவுனி கடிக்காதுன்னு சொன்னேனா இல்லையா?"

"அப்ப எதுக்குய்யா ரெண்டு மணி நேரமா வெயில்ல காய வச்சீங்க?" என்றது ஒரு ஆண் குரல். "பான்சிட் உண்டா, இல்ல அதுவும் ஃப்ளெக்ஸ்லதானா?"

சிரிப்பு கிளம்பியது. ஏளனமும் இருந்தது, இல்லாமலில்லை. வலது ஓரத்தில் இரண்டு பேர் மூக்கைச் சுளித்து எதையோ சொல்லி எழுந்து போனார்கள். பான்சிட்டுக்குக் கூடக் காத்திருக்கவில்லை, அவ்வளவு கோபம். கவுன்சிலர் முகத்தில் ஒரே நொடியில் மூன்று தேர்தல்கள் ஓடின. மைக்கைப் பிடுங்கினார்.

"தடுப்பு!" என்று முழங்கினார். "நான் முதல் நாள்லேர்ந்து என்ன சொல்றேன்? தடுப்பு! வந்த பிறகு அழுகிறவன் தலைவன் இல்ல, வர்றதுக்கு முன்னால..."

அடுத்த வாக்கியத்துக்காக அவர் மூச்சு இழுத்த இடைவெளியில் ஃபெலிசா உறையை என் சட்டைக்குள் செருகினாள்.

"கையெழுத்து போட்டாச்சு. 'தடுப்பு ஊசி'ன்னுதான் இருக்கு. சார் யோசிக்க ஆரம்பிக்கறதுக்குள்ள ஓடு."

மனோங் பெர்டிங் அதற்குள் கூண்டைத் திறந்திருந்தார். என் கழுத்துப் பட்டையைப் பிடித்து ட்ரைசைக்கிளில் தள்ளினார். பிரவுனி என் மடியில். திருவிழாவுக்கு முந்தைய நெரிசல், தெரு முழுக்கத் தோரணம். ஜீப்னி வண்டிகளுக்கும் பன்றி வறுவல் கடைகளுக்கும் நடுவே புகுந்து ஓட்டினார். பிறகு இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"அந்த ஊசி... எங்க போடுவாங்க?"

"பின்னாலதான் மனோங்!"

"அப்ப அது ஒண்ணுதான் நிஜம் சொல்லியிருக்க!"

கிளினிக் வாசலில், 'என்றென்றும் உங்களுடன்' பேனருக்குக் கீழே, ருவெல் பூட்டும் கையுமாக நின்றிருந்தான். ஐந்துக்கு இன்னும் நான்கு நிமிடம். லெட்டரைப் படித்தான், என்னைப் பார்த்தான், என்னைத் தொடர்ந்து உள்ளே வந்த நாயைப் பார்த்தான்.

"இது யாரு?"

"சாட்சி," என்றார் மனோங் பெர்டிங்.

ஊசி வலித்தது. அது எப்போதும் வலிக்கும். இந்தத் தடவை கவனிக்க எனக்கு நேரமிருந்தது.

அன்றே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. என் அத்தை மகளின் புருஷன் தன் கடமையைச் செய்தான். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அது வலிக்குமா?" என்று கேட்டாள். கடையில் ஒரு வாடிக்கையாளர் தன் மகளின் கல்யாண பேனரை வேறு கடைக்கு மாற்றிக்கொண்டார். மைதானத்தில் நடுவராக நிற்கும் ஒருவனும் அடையாளம் சொல்லாத இன்னும் இரண்டு பேரும் ராத்திரியில் செய்தி அனுப்பினார்கள்: 'அந்த ஊசி எங்க? எவ்ளோ?' எங்கே என்பதற்குப் பதில் இருந்தது. எவ்வளவு என்பதை டைப் செய்து, இரண்டு தடவை அழித்து, பிறகு அனுப்பினேன். ஒருவனிடமிருந்தும் பதில் வரவில்லை. எனக்கே அடுத்தது இரண்டு மாதத்தில் இருக்கிறது. நாட்களை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

புதன்கிழமை மனாங் ஃபெலிசா கடைக்கு வந்தாள். கவுன்சிலருக்குப் புது ஃப்ளெக்ஸ். 'தடுப்பின் தந்தை'. பன்னிரண்டு சந்திகளில் பன்னிரண்டு. நாய் வேண்டாம். என் முகமும் வேண்டாம்.

"வயசு எவ்வளவு குறைக்கணும்?" என்றேன்.

"இருபது. அடுத்த வருஷம் தேர்தல்."

"ஒரு முகத்துக்கு நானூறு. பன்னிரண்டு முகம்."

"ஒரே முகம்தானேடா!"

"ஒவ்வொரு சந்தியிலயும் வெயில் ஒவ்வொரு மாதிரி அடிக்கும் மனாங். தனித்தனியாத்தான் திருத்தணும்."

அவள் மனக்கணக்குப் போட்டாள். நாலாயிரத்து எண்ணூறு. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையிலிருந்து பதிவேட்டை எடுத்தாள். ஆறு கட்டம்தான் இருந்தது, ஏழாவது இன்னும் வரவில்லை.

"இதை எதுல எழுத?" என்று அவளே கேட்டு, அவளே எழுதினாள். விலங்குக் கடி.

"இந்தத் தடவை யாரு யாரைக் கடிச்சது மனாங்?"

"வாயை மூடிக்கிட்டு தாடையை நறுக்கு."